குழந்தைகள் ஏறாத கப்பல்

தை 20, செவ்வாய்

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பேசினால் கைப்பேசியே எழுதிக்கொள்ளும் என்று ஈரோட்டில் டிராவல்ஸ் வைத்திருக்கும் நஸீமா ஒரு பொத்தானைக் காட்டிக்கொடுத்தாள். பயணம் போகிறவர்கள் தினமும் நாலு வரி குறித்துவைப்பார்களாம். எங்கள் பயணம் சித்திரையில்தான். ஆனாலும் நான் போர்வெல் லாரி வைத்திருந்தவன். குழாய்களை முந்தின நாளே அடுக்கி வைத்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். அதனால் இன்றே தொடங்கிவிட்டேன்.

பெயர் நாச்சிமுத்து. ஊர் திருச்செங்கோடு. வீட்டில் நானும் என் மனைவி பூவாத்தாளும் மட்டும். எங்களுக்குக் குழந்தை இல்லை. யாராவது கேட்பதற்கு முன்னால் இதைச் சொல்லிவிடுகிறேன்.

காலையில் முருங்கைப் பூ வாசல் முழுக்கக் கொட்டிக் கிடந்தது. மத்தியானம் கொள்ளுப் பருப்பு.

தை 22, வியாழன்

கப்பலைப் பற்றிச் சொல்லவேண்டும். வெள்ளைக் கப்பல். கொச்சியில் ஏறினால் கொழும்பு, மாலத்தீவு எல்லாம் காட்டிவிட்டு மறுபடி கொச்சியில் இறக்கிவிடும். அதில் பதினெட்டு வயதுக்குக் கீழே ஒருவரையும் ஏற்றமாட்டார்கள். நான் அதைப் பிடித்ததே அதற்காகத்தான்.

போன ஐப்பசியில் காங்கயத்தில் பூவாத்தாளின் தம்பி வீட்டு வளைகாப்புக்குப் போயிருந்தோம். பூவாத்தாள் வளையல் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றாள். தம்பி மனைவி வந்து, கால் வலிக்கப் போகிறது, நீங்கள் உட்காருங்கள் அண்ணி என்று சிரித்த முகமாகத் தட்டை வாங்கிக்கொண்டாள். பூவாத்தாளுக்குக் கால் வலியே கிடையாது. பந்தலில் இருந்த எல்லாருக்கும் அது தெரியும். திரும்பும்போது காரில் மடியில் தாம்பூலப் பையை வைத்துக்கொண்டு ஊர் வரும்வரை அதன் கயிற்றை முடிந்தாள், அவிழ்த்தாள்.

அடுத்த வாரமே நஸீமாவிடம் போனேன். எத்தனை குழந்தைகள் என்று யாருமே கேட்காத ஓர் இடத்துக்கு எங்களை அனுப்பிவை என்றேன். அவள் முதலில் சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு இந்தக் கப்பலின் படத்தைக் காட்டினாள்.

பூவாத்தாளிடம் வயசானவர்கள் போகிற கப்பல், குழந்தைகள் தொந்தரவு இருக்காது என்று மட்டும் சொன்னேன். உங்களுக்குப் பிடித்திருந்தால் சரி என்றாள்.

தை 26, திங்கள்

கனவு. எங்கள் ஊர் ஏரியில் முழங்கால் அளவுக்குக்கூடத் தண்ணீர் இல்லை. அதில் கப்பல் வந்து நிற்கிறது. மலைமேல் கோயில் விளக்கு, கீழே கப்பல் விளக்கு. ஆடு மேய்க்கிறவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள், ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. பூவாத்தாள் மேல்தட்டில் நின்று சேலை காயப்போடுகிறாள். நான் ஏணியைத் தேடிக்கொண்டே இருந்தேன்.

விழித்தபின்னும் கொஞ்ச நேரம் கட்டில் ஆடியது.

தை 28, புதன்

கொய்யா மரத்தில் பழம் குறைகிறது. நான் கோயிலுக்குப் போய்விட்டு வருவதற்குள் காணாமல் போகிறது. அணில் என்கிறாள் பூவாத்தாள். உச்சிக் கிளையில் பழம் அப்படியே பழுத்து வெடிக்கிறது. தாழ்ந்த கிளையில்தான் ஒன்றுகூட இல்லை. இந்த ஊர் அணிலுக்கு மரம் ஏறத் தெரியாது போலிருக்கிறது.

பிள்ளைகள் உள்ளே வந்து சத்தம் போட்டால் பூவாத்தாளுக்கு மனசு நோகும் என்று மதில் சுவரை இரண்டு முறை உயர்த்திக் கட்டினேன். இப்போது தெருவில் பந்து விளையாடும் சத்தம்கூட உள்ளே அவ்வளவாகக் கேட்காது.

மாசி 1, வெள்ளி

நஸீமா கூப்பிட்டாள். குரலே சரியில்லை. கப்பல் கம்பெனிக்காரர்கள் சட்டத்தை மாற்றிவிட்டார்களாம். இந்தக் கோடையிலிருந்து குடும்பத்தோடு வரலாம், கைக்குழந்தையும் வரலாம். பெரியவர்கள் படுத்துக்கொண்டு புத்தகம் படிக்கிற இடத்தில் சறுக்குமரம் வருகிறது. முன்பே பதிவு செய்தவர்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் மாசி முடிவதற்குள் சொல்லிவிட வேண்டும், கட்டிய பணம் முழுக்கத் திரும்ப வரும். நிறையப் பேர் கோபமாக ரத்து செய்கிறார்களாம்.

அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்லுங்கள் ஐயா என்றாள்.

பூவாத்தாள் அடுப்பங்கரையில் எதையோ கல்லில் உரசிக்கொண்டிருந்தாள். வசம்பு வாசனை. எதற்கு என்றேன். வயிறு ஒரு மாதிரி இருக்கிறது என்றாள். ஆனால் இரவு நாலு தோசை சாப்பிட்டாள்.

நான் கப்பல் பேச்சை எடுக்கவில்லை.

மாசி 3, ஞாயிறு

எழுத்து இல்லாதவனுக்கு ஞாபகம்தான் கைமுதல். துளை போடுகிற ரிக் லாரியோடு ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று மாதக்கணக்கில் சுற்றியவன் நான். எந்த ஊரில் எந்த ஆழத்தில் கறுப்புக் கல் போய்ச் சிவப்புக் கல் வந்தது, எந்த வீட்டில் தண்ணீர் பீறிட்டபோது கிழவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார், எந்த வீட்டில் தண்ணீர் இல்லாமல் கல்தூள் புகை மட்டும் வந்தது, எல்லாம் அப்படியே இருக்கிறது. கண்ணை மூடினால் போதும், பால் மாதிரி கல்தூளோடு தண்ணீர் எழும்பி வேப்பமரத்தை நனைக்கிறது.

குழந்தை இல்லாத விஷயமாக நாக்பூரில் ஒரு டாக்டரிடம், பூவாத்தாளுக்குச் சொல்லாமல், தனியாகப் போனேன். அவர் மேசையில் காது உடைந்த பீங்கான் கோப்பை இருந்தது. மின்விசிறியில் ஒரு இறக்கை மட்டும் வேறு நிறம். ஜன்னலில் ஆரஞ்சுத் தோல் காயவைத்திருந்தார்கள். எனக்குப் புரியவேண்டும் என்று அவர் நிதானமாக இரண்டு தடவை சொன்னார். என்ன சொன்னார் என்பது மட்டும் மறந்துவிட்டது.

எத்தனை குழந்தைகள் என்று யாராவது கேட்டால் பூவாத்தாள்தான் எப்போதும் பதில் சொல்வாள். எனக்குக் கொடுத்துவைக்கலீங்க என்பாள். நான் அந்தச் சமயத்தில் செருப்பைத் தேடுவேன், அல்லது தண்ணீர் குடிக்கப் போவேன்.

மாசி 5, செவ்வாய். அமாவாசை

சந்தையில் ஒரு சம்பவம். தறிக்காரர் தெருப் பெண் ஒருத்தி, இடுப்பில் குழந்தையோடு நின்றவள், பூவாத்தாளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள். அந்தக் குழந்தை கையை நீட்டி அம்மிச்சி என்றது. எங்கள் பக்கம் அம்மாவைப் பெற்றவளை அப்படித்தான் கூப்பிடுவோம். யாரோ என்று நினைத்துக் கூப்பிடுகிறது என்றாள் பூவாத்தாள். காய்க்காரனிடம் மீதி வாங்காமலே வேகமாக நடந்தாள்.

பாவம், கலங்கிப்போய்விட்டாள் என்று தெரிந்தது. சந்தையிலேயே இப்படி என்றால் கப்பலில் இருக்கப்போகிற அத்தனை நாளும் எப்படித் தாங்குவாள்? சுற்றிலும் கடல். எழுந்து வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லக்கூட வழி இல்லை.

மாசி 8, வெள்ளி

என்னுடைய பழைய மல் வேட்டியைக் காணோம். துவைத்துத் துவைத்து வெண்ணெய் மாதிரி ஆகிவிட்டது. விளக்குத் துடைக்க எடுத்துக்கொண்டேன் என்றாள். விளக்கில் எண்ணெய் வழிந்து காய்ந்து கிடக்கிறது.

பெட்டிகளை இறக்கித் தட்டி வைத்திருக்கிறாள். நீலச் சேலை கடலில் தெரியுமா, கடலும் நீலம்தானே என்று கேட்டாள். தெரியும் என்றேன்.

மறுபடி கனவு. துளை போட்டுக்கொண்டே போகிறோம், குழாய் இறங்கிக்கொண்டே இருக்கிறது, கல்லும் இல்லை, தண்ணீரும் இல்லை. இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் துளையில் காதை வைத்தேன். கீழே பள்ளிக்கூடம் விட்ட சத்தம் கேட்டது. வெகு ஆழத்தில், சந்தோஷமாக.

மாசி 12, செவ்வாய்

இன்று நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

காலையில் ஈரோட்டுக்குப் போனேன். பூவாத்தாளிடம் பல் வலி, டாக்டரைப் பார்க்கிறேன் என்றேன். நஸீமாவிடம் ரத்து செய்யச் சொன்னேன். அவள் திரும்பத் திரும்பக் கேட்டாள், அம்மாவுக்குத் தெரியுமா, அம்மாவும் சரி என்றார்களா என்று. அவளுக்காகத்தான் செய்கிறேன், அவளைப் பற்றி எனக்குத் தெரியாதா என்றேன். டீ வரவழைத்துக் கொடுத்தாள். நான் குடித்து முடிப்பதற்குள் கணினியில் தட்டிவிட்டாள். பணம் பேங்குக்கு வந்துவிடும் என்றாள். பாரம் இறங்கின மாதிரி இருந்தது. இறங்கின இடத்தில் எதுவோ காலியாகவும் இருந்தது.

சீக்கிரமே ஊர் திரும்பிவிட்டேன். எங்கள் தெருமுனையில் குடிநீர்க் குழாய்க்குத் தோண்டிப் போட்டிருந்தார்கள். சுற்றிக்கொண்டு பின்சந்து வழியாக வந்தேன். நான் அந்தப் பக்கம் வருவதே இல்லை. பின்கதவு திறந்திருந்தது. வாசலில் சின்னச் சின்னச் செருப்புகள்.

கொய்யா மரத்தடியில் என் வேட்டி. அதன் ஒரு முனையைப் பூவாத்தாள் பிடித்திருந்தாள், மறுமுனையைச் சந்தையில் பார்த்த அந்தப் பெண் பிடித்திருந்தாள். நடுவில் தொட்டில் மாதிரி தாழ்ந்த இடத்தில் ஒரு கைக்குழந்தை, வேறு யாருடையதோ. அதன் தாய் பக்கத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள். இவர்கள் வேட்டியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெதுவாகத் தாழ்த்தி உயர்த்த, குழந்தை உள்ளே உருண்டது. தாழ்ந்த கிளையில் இரண்டு பையன்கள் உட்கார்ந்து பழம் தின்றுகொண்டிருந்தார்கள். அணில்கள்.

உரம் எடுக்கிறார்கள் என்று தெரிந்தது. பச்சைக்குழந்தை ஏறுமாறாகப் படுத்துச் சுளுக்கிக்கொண்டால் பால் குடிக்காமல் வீறிடும். அதற்கு இப்படித் துணியில் போட்டு உருட்டி எடுப்பார்கள். என் அம்மா எடுப்பாள். பூவாத்தாளுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது.

பையன்கள் என்னைப் பார்த்ததும் குதித்து ஓடினார்கள். பூவாத்தாளும் பார்த்தாள். ஆனால் கையை நிறுத்தவில்லை. அழுகை விக்கலாகி, விக்கல் கொட்டாவியாகி, குழந்தை தூங்கும்வரை எடுத்துவிட்டுத்தான் தாயிடம் கொடுத்தாள்.

அவர்கள் போனபின் எத்தனை நாளாக என்று கேட்டேன். நீங்கள் ரிக்கோடு போய்விட்ட பிறகு வீட்டில் வேறு என்ன வேலை என்றாள். அவளுடைய அம்மாவிடம் கற்றதாம். சொந்தக்காரர்கள் வீட்டில் இவள் கையில் குழந்தையைக் கொடுக்கமாட்டார்கள். தறிக்காரர் தெருவில் அப்படி யாரும் பார்க்கவில்லை, அழுகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு நேராகப் பின்கதவுக்கு வந்தார்கள். சந்தையில் கூப்பிட்ட குழந்தைக்கும், அதன் தாய் கைக்குழந்தையாக இருந்தபோது அவளுக்கும்கூட, இவள்தான் எடுத்தாளாம்.

அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. நல்ல செய்தி சொல்வதுபோலச் சொன்னேன்: கப்பலில் இனிமேல் குழந்தைகளை ஏற்றப்போகிறார்கள், நீ வருத்தப்படக்கூடாது என்று ரத்து செய்துவிட்டு வந்துவிட்டேன்.

வேட்டியை மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"கொழந்தைங்க வர்றாங்களா?"

"ஆமா. கைக்கொழந்தைகூட."

"அதுக்கா வேண்டாம்னீங்க?"

"உனக்காவத்தான்."

அவள் வேட்டியை மடித்து முடித்தாள். ஓரத்தோடு ஓரம் சேர்த்து, நீவி, திரும்பவும் மடித்தாள்.

"கொழந்தை இல்லாத எடத்துலதானுங்க இத்தனை வருசமா இருக்கறேன். கப்பலேறிப் போயி அதையே பாக்கோணுமா?"

அப்படியென்றால் முதலில் ஏன் சரி என்றாய் என்று கேட்டேன்.

"உங்களுக்குத்தான் சத்தம் ஆவாதுன்னு நெனச்சேன். செவுரு மேல செவுரு கட்டறீங்க."

கொஞ்ச நேரம் கழித்து, பல் எப்படி இருக்கிறது என்று கேட்டாள்.

மாசி 13, புதன்

அவள் கோபப்படவில்லை. பெட்டிகளை மட்டும் மறுபடி பரண்மேல் ஏற்றிவிட்டாள். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.

மாசி 14, வியாழன்

நஸீமாவைக் கூப்பிட்டேன். திரும்ப ஏற்றிவிடு என்றேன். ஐயா, வாபஸ் வாங்கினதை எப்படி வாபஸ் வாங்குவது என்றாள். எங்கள் அறையைத் திருப்பூர்க் குடும்பம் ஒன்று எடுத்துவிட்டதாம். பள்ளிக்கூட லீவு, பிள்ளைகளோடு போகலாம் என்று தெரிந்ததும் கப்பல் முழுக்க நிரம்பிவிட்டது. யாராவது விட்டால் சொல்கிறேன் என்றாள்.

பேங்கிலிருந்து கைப்பேசிக்குத் தகவல் வந்தது. பூவாத்தாள்தான் வாசித்துச் சொன்னாள். பணம் வந்துடுச்சுங்க என்றாள். குரலில் ஒன்றும் இல்லை.

மாசி 19, செவ்வாய்

பௌர்ணமி. நிலா வெளிச்சத்தில் மதில் சுவர் எவ்வளவு உயரம் என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கப்பலின் பக்கவாட்டு மாதிரியே இருந்தது. நாங்கள்தான் வெளியே நின்றோம்.

மாசி 20, புதன்

இன்று காலையிலிருந்து முன்கதவையும் திறந்தே வைத்தேன். ஒரு நாய் மட்டும் வந்தது.

மாசி 23, சனி

பையன்கள் வந்தார்கள். வாசலில் நின்று என் முகத்தையே பார்த்தார்கள். உச்சிக் கிளையில் இருக்கிறதைப் பறியுங்கள், வீணாகப் போகிறது என்றேன். பூவாத்தாள் உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது. அப்புறம் மறுபடி கேட்டது.

பங்குனி 4, புதன்

நஸீமா கூப்பிட்டாள். ஓர் அறை இருக்கிறதாம். ஆனால் சொல்லவே சங்கடமாக இருக்கிறது ஐயா என்றாள். புதிதாகக் குழந்தைகள் விளையாடுகிற கூடம் ஒன்று கட்டியிருக்கிறார்கள். அதற்கும் இந்த அறைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். பொழுதுக்கும் ஓட்டமும் கத்தலும். எடுத்தவர்கள் விவரம் தெரிந்ததும் விட்டுவிட்டார்களாம். ஜன்னல்கூடச் சின்னது என்றாள்.

சுவர் கனமா, லேசா என்று கேட்டேன்.

அவளுக்குப் புரியவில்லை. மெல்லிய சுவர்தான் ஐயா, வேறு யாரும் எடுக்கமாட்டார்கள் என்றாள். எடுத்துவிடு என்றேன். முதலில் அம்மாவிடம் போனைக் கொடுங்கள், இந்தத் தடவை அவர்கள் வாயால் கேட்காமல் தொடமாட்டேன் என்றாள். கொடுத்தேன். பூவாத்தாள் கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில், அந்த ரூமே இருக்கட்டுங் கண்ணு என்றாள்.

பெட்டிகளை அவளே இறக்கிக்கொண்டாள். ஏணியைப் பிடிக்கப் போனேன். தள்ளி நில்லுங்க, பல் வலிக்காரரு என்றாள்.

சித்திரை 9, புதன்

கடல்.

நான் பூமிக்குள்ளிருந்து தண்ணீர் எடுத்தவன். இவ்வளவையும் இங்கே திறந்து வைத்திருக்கிறார்கள்.

சித்திரை 10, வியாழன்

நஸீமா சொன்னது சரி. விடிந்ததும் சுவருக்கு அந்தப் பக்கம் தொடங்கிவிடுகிறது. தடதடவென்று ஓட்டம், விழுகிற சத்தம், ஒரு நொடி அமைதி, பிறகு அழுகை அல்லது சிரிப்பு. தூரத்தில் ரிக் ஓடுவது மாதிரி கட்டிலுக்கு ஒரு அதிர்வு வருகிறது. பூவாத்தாள் மத்தியானம் அந்தச் சுவர்ப் பக்கமாக முகத்தை வைத்துக்கொண்டு தூங்கினாள். அவள் பகலில் தூங்கி நான் பார்த்ததில்லை. நீலச் சேலை. சின்ன ஜன்னலில் தண்ணீர் மேலே வந்து வந்து இறங்கியது. நான் தூங்கினேனா, விழித்திருந்தேனா என்று சொல்லத் தெரியவில்லை. அன்று கனவில் துளையில் காதை வைத்துக் கேட்ட சத்தம் இதுதான்.

சித்திரை 11, வெள்ளி

காலைப் பலகாரம் முடிந்து வரும்போது எங்கள் அறை வாசலில் ஒரு பெண் கைக்குழந்தையோடு நடந்துகொண்டிருந்தாள். குழந்தை வீறிட்டு அழுதது. உடுமலைப்பேட்டைக்காரி, பெயர் கிருபாவதி. கப்பல் டாக்டர் பார்த்துவிட்டார், பயப்பட ஒன்றுமில்லை என்றாராம். விடியற்காலையிலிருந்து பால் குடிக்கவில்லை, ஒரு பக்கமாகவே திரும்பிக்கொள்கிறது, ஊராக இருந்தால் அம்மா உரம் எடுத்துவிடுவாள் என்று சொல்லும்போது அவளுக்கே அழுகை வந்துவிட்டது.

பூவாத்தாள் அறைக்குள் போனாள். பெட்டியின் அடியிலிருந்து என் மல் வேட்டியை எடுத்துக்கொண்டு வந்தாள். அதைக் கொண்டுவந்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. ஒன்றும் கேட்காமல் கட்டில்மேல் விரித்தாள். கிருபாவதி குழந்தையை அதில் படுக்கவைத்தாள். அப்போதுதான் கேட்டாள், கேட்டே தீர வேண்டியதைக் கேட்கிற மாதிரி.

"உங்களுக்கு எத்தனை கொழந்தைங்கம்மா?"

பூவாத்தாள் வாயைத் திறந்தாள். என்ன சொல்லப் போகிறாள் என்று எனக்கு மனப்பாடம். என் செருப்பு காலில்தான் இருந்தது. தாகமும் இல்லை.

"எங்களுக்கு இல்லீங்க கண்ணு" என்றேன் நான்.

கிருபாவதி எங்கள் இருவரையும் பார்த்தாள். பிறகு குழந்தையின் தலையைச் சரியாக நகர்த்தி வைத்தாள், அவ்வளவுதான். தூக்கிக்கொண்டு போகவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ விழுந்து எழுந்து ஓடினார்கள்.

பூவாத்தாள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வேட்டியின் மறுமுனையைக் கண்ணால் காட்டினாள்.

"அந்தப் பக்கம் புடிங்க."

பிடித்தேன். தூக்கினோம். கனமே இல்லை, ஆனாலும் தோள்வரை தெரிந்தது. அவள் தாழ்த்தினால் நான் உயர்த்தவேண்டும், அவள் உயர்த்தினால் நான் தாழ்த்தவேண்டும். கப்பலும் எங்களோடு சேர்ந்து அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சாய்ந்தது. குழந்தை உருண்டு என் பக்கம் வந்தது, அவள் பக்கம் போனது, மறுபடி என் பக்கம் வந்தது.

"மெதுவாங்க" என்றாள் பூவாத்தாள். "போர் போடறாப்பல இழுக்காதீங்க."

மெதுவாகப் பிடித்தேன்.